பழைய பாத்திரம் முதல் பச்சைச் சீருடை வரை

திருவனந்தபுரத்தில் வீடு மாற்றும் ஒருவர் தம் கட்டிலையும் மேசையையும் மிக்சியையும் முற்றத்தில் எடுத்துப் போட்டு, வேண்டுபவர்கள் வந்து விலை கேட்கலாம் என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால், அது எந்த விதிக்குள் வரும்? 1994ஆம் ஆண்டின் கேரள முனிசிபாலிட்டிச் சட்டத்தைப் புரட்டினால் சந்தை உண்டு, இறைச்சிக்கூடம் உண்டு, தொழில் உரிமம் உண்டு, குப்பை உண்டு. வீட்டுக்காரர் தம் பழம்பொருளைத் தம் முற்றத்திலேயே விற்பதற்கென்று தனி அத்தியாயம் கிடையாது.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய் வந்த பெற்றோர் அங்கே சனிக்கிழமை காலைகளில் நடக்கும் ‘கராஜ் சேல்’ பற்றிச் சொல்லுவார்கள். அங்கே பல ஊர்களில் இதற்கு உள்ளூர்ச் சட்டமே இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எத்தனை நாள், அறிவிப்புப் பலகையை எங்கே நடலாம், எப்போது பிடுங்க வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரான்சிலும் அப்படித்தான். வணிகராகப் பதிவு செய்யாத ஒருவர் இத்தகைய தெருச்சந்தையில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கலந்துகொள்ளலாம். விற்பது தம் சொந்தப் பழம்பொருளாக இருக்க வேண்டும். நடத்துபவர் விற்பவர்களின் பெயரை ஏட்டில் பதிந்து வைக்க வேண்டும். இடைவிடாமல் விற்கிறவர் வீட்டுக்காரர் என்ற போர்வையில் கடை நடத்துகிறார் என்பதே இந்தக் கணக்குக்குக் காரணம்.

திருவனந்தபுரத்தில் அந்தக் கணக்கு இல்லை. அதனால் இங்கே வீட்டுப்பொருள் விதியில்லாமல் கைமாறியது என்று நினைத்துவிட வேண்டாம். யார் எதை வைத்திருக்கலாம், யார் அதைத் தூக்கலாம், எதை விற்கவே கூடாது, விற்காமல் மிஞ்சியதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று இருநூறு ஆண்டுகளாக விதிகள் மாறி மாறி வந்திருக்கின்றன. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்தால் இந்த நகரத்தின் குடும்பங்கள் எப்படி மாறின என்பதும் கூடவே தெரியும்.

வைத்திருப்பதற்கே விதி

பழைய திருவிதாங்கூரில் வீட்டுப்பொருளை விற்பதற்கு முன்னால் வைத்திருப்பதற்கே அனுமதி தேவைப்பட்டது. ஓட்டு வீடு, உலோகப் பாத்திரம், பொன் நகை எல்லாம் சாதியைப் பார்த்துத்தான் கிடைத்தன. கூரைக்கு ஓலைதான் என்றும் சமையலுக்கு மண்சட்டிதான் என்றும் விதிக்கப்பட்ட குடும்பத்திடம் பின்னொரு நாள் எடைக்குப் போட என்ன இருக்கும்? ஓடு வேய்வதற்கும் நகை அணிவதற்கும் இருந்த தடைகளும் கட்டணங்களும் 1815 முதல் 1829 வரை ஆண்ட கௌரி பார்வதி பாயி காலத்தில் ஓரளவு தளர்ந்தன. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்கே போராட வேண்டியிருந்தது. அந்த உரிமை அரசாணையாக வெளிவந்தது 1859இல். வெங்ஙானூர் அய்யன்காளி 1893இல் வில்வண்டி ஏறித் தம் சாதியினருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டினார். சந்தைக்குப் போகும் வழியும் அதுவரை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

இன்று ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்து உருளியும் கிண்டியும் குத்துவிளக்கும் இறங்கினால், அவற்றை வாங்கும் வசதியோடு வைத்திருக்கும் உரிமையும் அந்தக் குடும்பத்துக்கு எப்போதோ இருந்திருக்கிறது என்று பொருள். பழம்பொருள் விற்பனை என்பது முன்பு உடைமை இருந்தவர்களின் விஷயம். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் வேண்டாத பொருள் என்று ஒன்று சேர ஆரம்பித்ததே அண்மைக் காலத்தில்தான்.

வாசலுக்கு வந்த சந்தை

சாலைக் கம்போளம் தர்மராஜா என்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் திவான் ராஜா கேசவதாஸ் நிறுவியது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் அந்தத் தெருவில் தமிழ் வணிகர்களின் குரல் என்றும் ஓங்கியே ஒலித்திருக்கிறது. இரும்பு, பாத்திரம், மளிகை, துணி என்று வரிசை வரிசையாகக் கடைகள். சந்தையைக் கண்காணித்த அதிகாரியின் நினைவாகக் கொத்துவால் தெரு என்று ஒரு தெருவும் அங்கே உண்டு. சென்னைவாசிகளுக்குக் கொத்தவால்சாவடி நினைவுக்கு வரும்.

ஆனால் வீட்டிலிருக்கும் பழையதை விற்க யாரும் சாலைக்குப் போனதில்லை. சாலைதான் வீட்டுக்கு வந்தது. தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் பிறகு தள்ளுவண்டியிலும் வந்தவர்களில் பலர் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள். தமிழ்நாட்டுத் தெருக்களில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவியவர்களின் சொந்தக்காரர்களே இங்கே வந்து, “ஆக்ரி, பழைய பாத்திரம், பேப்பர் கொடுக்கானுண்டோ?” என்று பாதி மலையாளத்தில் கூவினார்கள். ஆக்ரி என்றால் பழைய சாமான். பழைய சேலைக்குப் பாத்திரம் கொடுப்பவர் தனி. பட்டும் ஜரிகையும் எடுப்பவர் தனி. ஈயம் பூசுபவர் இன்னும் தனி.

கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் அக்கிரகாரத் திண்ணைகளில் இந்தப் பேரம் நடக்கும்.

“அண்ணாச்சி, இந்தப் பித்தளை அண்டாவுக்கு என்ன போடுவீங்க?”

“அடி தேஞ்சு போச்சே மாமி. கரியும் களிம்பும் போகத்தான் எடை.”

“போன வாரம் பக்கத்து வீட்ல இதைவிட நசுங்கினதுக்குக் கூடக் கொடுத்தீங்களாமே?”

“அது வெண்கலம் மாமி. இது பித்தளை. நீங்க தட்டிப் பாருங்க, சத்தமே சொல்லும்.”

தட்டினால் வரும் ஒலியில் உலோகத்தை அறிவது, தராசுக் கோலில் விரல் படுகிறதா என்று கவனிப்பது, படிக்கல்லைக் கையில் தூக்கிப் பார்ப்பது எல்லாம் அன்று குடும்பப் பெண்களின் அறிவு. விலையை இருவரும் பேசி முடித்தார்கள். பணமோ புதுப் பாத்திரமோ வீட்டுக்குள் வந்தது. வேண்டாத பொருளை வெளியேற்றுவது வருமானமாகத்தான் இருந்தது, செலவாக இல்லை. இன்றைய நிலையோடு ஒப்பிட இந்த ஒரு வரி முக்கியம்.

வெளியேற்றவும் ஒரு நாள் இருந்தது. கர்க்கடக மாதம் பிறப்பதற்கு முந்தைய நாள் மலையாள வீடுகளில் பழைய துடைப்பமும் உடைந்த பானையும் மூதேவியோடு சேர்ந்து வாசல் தாண்டும். தமிழ் வீடுகளில் அந்த வேலை போகிக்கு. எரிந்தது ஓலை, பாய், முறம். உடைந்தது மண். மண்ணில் போட்டால் மண்ணாகும் பொருள்கள் என்பதால் அதற்கு யாரும் விதி எழுதவில்லை.

சட்டம் அன்றும் ஓர் இடத்தில் காத்திருந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவில் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் அது 317ஆம் பிரிவு. கோயில் விளக்கும் தண்ணீர்க் குழாயும் காணாமல் போகும்போதெல்லாம் போலீஸ் முதலில் தட்டும் கதவு ஆக்ரிக்கடையினுடையது. விற்கும் வீட்டுக்காரரை யாரும் சந்தேகிக்கவில்லை. வாங்குபவர்தான் எப்போதும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பாகம் பிரிந்த வீடுகள்

ஒரு வீட்டின் பொருள்கள் மொத்தமாகச் சந்தைக்கு வருவதற்குத் திருவனந்தபுரத்தில் தனிக் காரணம் ஒன்று இருந்தது. பெண்வழியில் சொத்து இறங்கும் மருமக்கள்தாய முறையில் தறவாடு என்ற கூட்டுக்குடும்பத்தின் சொத்து பாகம் பிரியாது. 1925ஆம் ஆண்டின் நாயர் சட்டம் ஆளுக்கொரு பங்கு கேட்கும் உரிமையைத் திருவிதாங்கூரில் கொடுத்தது. 1975ஆம் ஆண்டின் கூட்டுக்குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் கேரளம் முழுவதும் நடைமுறைக்கு வந்து, மிச்சமிருந்ததையும் முடித்து வைத்தது.

நிலத்தை அளந்து பிரிக்கலாம். நாற்பது பேருக்குச் சோறு வடித்த உருளியை எப்படிப் பிரிப்பது? தேக்குத் தூணையும் பலாமரக் கதவையும் எட்டுப் பங்காக அறுக்க முடியாது. பணமாக்கினால்தான் பங்கு போட முடியும். இடித்த வீட்டின் மரத்தையும் ஓட்டையும் மொத்தமாக எடுக்கும் வியாபாரம் இப்படித்தான் செழித்தது. பாகப்பத்திரம் பதிவாகும் நாளில் மரம் எடுப்பவரும் வந்து நிற்பார்.

வாங்கியவர்களில் ஒருவர் லாரி பேக்கர். 1970 வாக்கில் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் குடியேறிய இந்தக் கட்டடக் கலைஞர், இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவுகளையும் சன்னல் சட்டங்களையும் தேடிப் பிடித்துத் தம் புது வீடுகளில் பொருத்தினார். உடைந்த ஓடும் தரைக்கும் கூரைக்கும் பயன்பட்டது. சிக்கனம் அவருக்குக் கொள்கை. பழைய மரம் புதிய மரத்தைவிட மலிவாகவும் உறுதியாகவும் கிடைத்த நகரத்தில் அது நல்ல கணக்கும்கூட. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் திருவனந்தபுரத்து மரவீடு ஒன்று பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு நிற்கிறது. பேக்கரைப் போன்றவர்களும் அருங்காட்சியகங்களும் எடுத்தது கொஞ்சம். பெரும்பகுதி எடைக்கும் கன அடிக்கும் போனது.

பெட்டியில் வந்த வளைகுடா

1970களில் வளைகுடாப் பயணம் தொடங்கியதும் வீட்டுப்பொருளின் வகையே மாறியது. விடுமுறைக்கு வந்தவரின் பெட்டியிலிருந்து டூ-இன்-ஒன், கடிகாரம், சென்ட், டார்ச், கம்பளி, பிறகு விசிஆர் எல்லாம் இறங்கின. எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ள வந்தவை என்று சொல்ல முடியாது. திரும்பிப் போகும் விமானச் செலவுக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ சில பொருள்கள் கைமாறும். கடலோரத்து பீமாபள்ளி, தர்காவுக்கு அடுத்தபடியாக வெளிநாட்டுப் பொருள் கடைகளுக்குப் பெயர் பெற்றது. சென்னையில் பர்மா பஜார் இருந்த இடத்தில் இங்கே பீமாபள்ளி.

இங்கேயும் விதி பொருளின் மேல்தான் விழுந்தது. சுங்கச் சலுகை பயணியின் சொந்த உபயோகத்துக்குத்தான், கடையில் விலைக்கு நிற்பதற்கு இல்லை. 1991க்குப் பிறகு அதே பொருள்கள் மகாத்மா காந்தி சாலைக் கடைகளில் ரசீதோடு கிடைக்கத் தொடங்க, அந்த வியாபாரம் திருட்டு சிடிக்கு நகர்ந்தது. இணையம் வந்து அதையும் முடித்தது.

பொருள் பெருகியதன் விளைவு நெடுநாள் நின்றது. முன்பு ஒரு வீட்டில் மூன்று தலைமுறைக்கு ஒரே அண்டா இருந்தது. இப்போது பத்தாண்டுக்குள் மூன்று தொலைக்காட்சிப் பெட்டி. பித்தளையைப் போல இவற்றுக்கு எடைவிலை கிடையாது. பழசானால் வாங்க ஆளும் இல்லை.

யார் தூக்குவது?

கேரளத்துக்கே உரிய ஒரு விதியை இங்கே சொல்லாமல் விட முடியாது. பழைய அலமாரியை விற்றாயிற்று, வண்டியும் வாசலில் நிற்கிறது. தூக்கி ஏற்றுவது யார்? 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பதிவும் கூலிப் பாதுகாப்பும் நலநிதியும் கொடுத்த நல்ல சட்டம். வீட்டுத் தேவைக்காக ஒருவர் அமர்த்தும் ஆளைத் தொழிலாளி என்ற இலக்கணத்திலிருந்து அது விலக்கியும் வைத்தது. அதாவது தம் கட்டிலைத் தாமோ தம் ஆளோ தூக்க வீட்டுக்காரருக்குத் தடை இல்லை.

தெருவில் நடந்தது வேறு. தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கும் கேட்கப்பட்ட கூலி, நோக்குக்கூலி, பல ஆண்டுகள் கேரளத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. வீடு மாறுபவர்கள் விடியற்காலையில் சாமான் ஏற்றிய கதைகள் ஏராளம். 2018 மே 1 முதல் அரசு நோக்குக்கூலியைத் தடை செய்தது. 2021 செப்டம்பரில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வந்த கனரகச் சாதனத்தை ஏற்றிவந்த வண்டியை மறித்துக் கூலி கேட்ட செய்தி நாடெங்கும் பரவியபோது, தடை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதும் தெரிந்தது. ராக்கெட்டுக் கூடத்துக்கே அந்தக் கதி என்றால் பழைய அலமாரிக்கு? இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. செயலியில் அழைக்கும் சிறு சரக்கு வண்டியும் இரண்டு இளைஞர்களும் வந்து ஏற்றிப் போகிறார்கள், அதைத் தெருவில் யாரும் கவனிப்பதில்லை.

முற்றத்துக்கு வரக்கூடாதவை

முற்றத்தில் எதையும் விற்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அந்த எல்லைகள் பெரும்பாலும் 1972இல் போடப்பட்டவை. தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் அந்த ஆண்டு வந்தது. நூறு ஆண்டு கடந்த சிற்பம், படிமம், ஓவியம் போன்றவை தொல்பொருள். சுவடிக்கு 75 ஆண்டே போதும். இவற்றை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பதிவு செய்ய வேண்டிய வகையானால், கைமாறும்போது பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்குத் தனியாருக்கு வழியே இல்லை. தாத்தாவின் பூஜையறையிலிருந்த செப்புப் படிமத்தைப் பித்தளைச் சாமானோடு சேர்த்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

இன்னொன்று தந்தம். இந்த நகரத்துத் தந்தச் சிற்பிகள் செய்த சிம்மாசனம் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகப் போய் 1851இல் லண்டன் பெருங்காட்சியில் வைக்கப்பட்டது. அன்று திருவிதாங்கூரின் பெருமையாக இருந்த கைத்தொழில் அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1986, 1991 ஆண்டுகளின் திருத்தங்களும் தந்த வியாபாரத்தையே நிறுத்தின. உடைமைச் சான்றிதழ் உள்ள வீட்டில் தந்தச் சீப்போ குங்குமச் சிமிழோ இருக்கலாம். வாரிசுக்கும் போகலாம். விலைக்குப் போகக்கூடாது.

வரிச் சட்டமும் இதே போக்கில் பிரிக்கிறது. வருமானவரிச் சட்டம் வீட்டு உபயோகப் பொருளை மூலதனச் சொத்தாகக் கருதுவதில்லை. ஆகவே சோபாவை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் ஆகியவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது. கட்டிலுக்குக் கேள்வி இல்லை, கட்டிலுக்கு மேல் தொங்கும் பழைய ஓவியத்துக்கு உண்டு.

கைப்பேசிக்குள் முற்றம்

1990இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தை மாற்றியதோடு வீட்டுப்பொருளின் ஆயுளையும் மாற்றியது. இரண்டு ஆண்டு வேலைக்கு வந்தவர் வாங்கும் குளிர்பெட்டியும் துணி துவைக்கும் எந்திரமும் இரண்டே ஆண்டில் விலைக்கு வரும். முற்றமே இல்லாதவர் எங்கே பரப்பி வைப்பார்? ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு, இவைதான் இப்போது முற்றம்.

திருவனந்தபுரம் குடியிருப்போர் சங்கங்களின் ஊர். வீட்டுக் கேட்டில் மாநகராட்சியின் டி.சி. எண்ணோடு சங்கத்தின் சுருக்கெழுத்தும் ஓர் எண்ணும் தகட்டில் இருக்கும். ஃப்ராட் என்ற கூட்டமைப்பும் உண்டு. கைகூடும் விற்பனை பெரும்பாலும் இந்தக் குழுக்களில்தான். பொருள் இரண்டு தெரு தள்ளி இருக்கும், விற்பவரை ஓணவிழாவில் பார்த்திருப்பார்கள். ஆகவே விலையும் நியாயமாக இருக்கும், ஏமாற்றவும் கூச்சம் இருக்கும்.

முகம் தெரியாத சந்தையில் அந்தக் கூச்சம் கிடையாது. பொருளை விளம்பரம் செய்த சிறிது நேரத்தில் தாம் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் அழைப்பார். பேரம் பேசமாட்டார். பணம் அனுப்ப க்யூஆர் குறியீட்டை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லுவார். ரகசிய எண்ணை அழுத்தியதும் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்ற ஒரே செய்தி தெரிந்தால் இந்த மோசடி நடக்காது. நடந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். படிக்கல்லைத் தூக்கிப் பார்த்த பாட்டிக்கு இருந்த கவனம் பேரனுக்கு வேறு வடிவில் தேவைப்படுகிறது.

‘கராஜ் சேல்’ விதிகளின் மையக் கேள்விக்கு இந்தியச் சட்டம் பதில் சொல்வதும் இந்த இணையச் சந்தையில்தான். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், தனிமனிதர் தம் சொந்த நிலையில் செய்யும் விற்பனைக்குப் பொருந்தாது என்கின்றன. அது இடைவிடாமலோ ஒழுங்குமுறையாகவோ நடக்கும் வணிகமாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. பிரான்ஸ் ‘ஆண்டுக்கு இரண்டு’ என்று எண்ணிச் சொன்னதை நம் விதி எண்ணாமல் சொல்லுகிறது.

அடுக்ககவாசிகளுக்கு இன்னொரு சிக்கல். அமெரிக்கர் கராஜில் விற்கிறார், நமக்கு கராஜ் உண்டா? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும். தூண்களுக்கிடையே கோடு போட்ட வண்டி நிறுத்துமிடம் அதில் சேராது. அப்படிப்பட்ட இடத்தைக் கட்டுநர் தனியாக விலைக்கு விற்க முடியாது என்று 2010இல் உச்ச நீதிமன்றமும் மும்பை வழக்கொன்றில் சொல்லியிருந்தது. நம் கார் நிற்கும் இடம் நமக்கு ஒதுக்கப்பட்ட பொது இடம். அங்கே நாற்காலிகளைப் பரப்பி விற்க வேண்டுமானால் சங்கத்தின் சம்மதம் வேண்டும். தனி வீட்டுக்காரருக்கு எல்லை அவருடைய மதில். மதிலைத் தாண்டி நடைபாதையில் வைத்த கணத்திலிருந்து அது தெருவோர வியாபாரிகளின் இடம். அவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் சட்டமும் சான்றிதழும் நகர விற்பனைக் குழுவும் இருக்கின்றன. அவர்கள் போராடிப் பெற்ற இடத்தில் வீட்டுக்காரர் ஒரு நாள் விருந்தாளியாகப் போய் உட்கார உரிமை கோர முடியாது.

விற்காமல் மிஞ்சியது

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கடைசியில் வந்தது. 2000இல் விளப்பில்சாலையில் தொடங்கிய மாநகராட்சியின் குப்பை ஆலை, அந்த ஊர் மக்களின் எதிர்ப்பில் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. நகரத்தின் குப்பையைத் தம் கிராமம் ஏன் சுமக்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு நகரத்திடம் பதில் இல்லை. அன்று முதல் ஒவ்வொரு வீடும் தன் கழிவுக்குத் தானே பொறுப்பு என்றானது. மக்குவது வீட்டிலேயே. மக்காததற்கு ஹரித கர்ம சேனை.

குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் பெண்களைக் கொண்டு அமைந்த இந்தச் சேனை, 2016 டிசம்பரில் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கத்தின் கைகால். பச்சைச் சீருடையில் வரும் பெண்கள் கேட்டில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படித்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். நகரத்தில் மாதம் 100 ரூபாய் அளவில் கட்டணம். கட்டாமல் விட்டால் சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கவும் சட்டத்தில் இடம் செய்திருக்கிறார்கள். பழைய துணி, கண்ணாடி, செருப்பும் பையும், மின்சாதனம் என்று எந்த மாதம் எதை எடுப்பது என்பதற்கு நாள்காட்டி உண்டு. கர்க்கடகமும் போகியும் செய்த வேலையை இப்போது அச்சிட்ட அட்டவணை செய்கிறது.

ஆக்ரிக்காரர் காசு கொடுத்து எடுத்துப் போனார். சேனைக்கு நாம் காசு கொடுக்கிறோம். ‘காசும் கொடுத்துக் குப்பையும் கழுவிக் கொடுக்கணுமா?’ என்ற முணுமுணுப்பு தொடக்க ஆண்டுகளில் பல வீடுகளில் கேட்டது. அதில் ஒரு நியாயப் பிழை இருக்கிறது. ஆக்ரிக்காரர் எடுத்தது இரும்பு, பித்தளை, காகிதம். பால் உறையையும் கிழிந்த பையையும் அவர் என்றுமே தொட்டதில்லை. அவை ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாய்க்குத்தான் போயின. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் அந்தக் கால்வாயைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி குப்பைக்கடியில் சிக்கி உயிரிழந்தார். நகரம் விற்க முடியாமல் விட்டெறிந்ததன் கணக்கு அங்கே சேர்ந்திருந்தது.

அதன் பிறகு தண்டனை பற்றிப் பேச யாருக்கும் தயக்கம் இல்லை. திருத்தப்பட்ட முனிசிபாலிட்டிச் சட்டத்தில் பொது இடத்தில் குப்பை போட்டால் 5,000 ரூபாய் தண்டம். நீர்நிலையில் கொட்டினால் 50,000 ரூபாய் வரையும் சிறையும். படம் எடுத்து அனுப்புபவருக்குத் தண்டத்தில் கால்பங்கு வரை சன்மானம். பழைய மெத்தையை இரவோடு இரவாகச் சாலை முனையில் வைத்துவிட்டு வரும் பழக்கத்துக்கு இன்று விலை இருக்கிறது.

இதற்கிடையே காசு எதிர்த்திசையிலும் கொஞ்சம் பாயத் தொடங்கியிருக்கிறது. 2013இல் தொடங்கிய கிளீன் கேரளா கம்பெனி சேனையிடமிருந்து தரம் பிரித்த பிளாஸ்டிக்கை விலைக்கு எடுக்கிறது. 2025இல் நகரங்களில் வீட்டு மின்னணுக் கழிவை எடைக்கு விலை கொடுத்தே வாங்கும் திட்டமும் வந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு மறுபடி ஒரு தராசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. முதலில் விதி மனிதரைப் பார்த்தது: இன்னார் இதை வைத்திருக்கக் கூடாது. அது ஒழிந்தது, நல்லது. பிறகு பொருளைப் பார்த்தது: இதை விற்கக் கூடாது. அது நிற்கிறது, தேவையும்கூட. இப்போது மிச்சத்தைப் பார்க்கிறது: இதை இங்கே விட்டுப் போகக் கூடாது. விற்பனை என்ற நடுக்காரியத்தை மட்டும் சட்டம் தன்பாட்டுக்கு விட்டுவிட்டது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கம்தான் நம்மிடம் இல்லை.

காரணம் கூச்சம். பழையதை விற்பது கஷ்டகாலத்தின் அடையாளம் என்ற எண்ணம் கரமனையிலும் உண்டு, மயிலாப்பூரிலும் உண்டு. அண்டாவைத் திண்ணையில் வைத்துப் பேரம் பேசிய பாட்டிக்கு இல்லாத கூச்சம், நல்ல நிலையிலுள்ள குழந்தைச் சைக்கிளை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கப் பேத்திக்கு வருகிறது. சும்மா கொடுத்தால் பெருமை, விற்றால் இழிவு என்று நினைத்து இரண்டும் செய்யாமல் பரணில் போட்டு வைக்கிறோம். அது கடைசியில் சேனையின் மூட்டைக்குள் போகிறது.

குடியிருப்போர் சங்கங்கள் இதை எளிதாக மாற்றலாம். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, சேனையின் துணி மாதத்துக்கும் மின்சாதன மாதத்துக்கும் முந்தைய வாரங்களில். விற்பவர் பெயரும் பொருளும் ஓர் ஏட்டில். எல்லாம் மதிலுக்குள். ஒலிபெருக்கி இல்லை, மரத்தில் ஆணியடித்த பலகை இல்லை. தெருவில் வழக்கமாக வரும் ஆக்ரிக்காரருக்கும் அழைப்பு உண்டு, மாலையில் மிஞ்சிய இரும்பை எடுக்க அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. அதிலும் மிஞ்சியது அடுத்த வாரம் பச்சைச் சீருடைக்கு.

அமெரிக்க ஊர்கள் எத்தனை முறை விற்கலாம் என்று எண்ணியதற்குக் காரணம் அங்கே விற்பவர்கள் மிகுந்துபோனதுதான். இங்கே விற்பவர்களே குறைவு. ஆகவே மாநகராட்சி புதிதாகச் சட்டம் எழுத அவசரப்பட வேண்டாம். விற்பனை முடிந்த மாலையில் முற்றத்தில் கிடப்பதற்கு யார் பொறுப்பு என்ற ஒரு கேள்விக்கு ஒவ்வொரு சங்கமும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்தால் போதும். மற்றதை விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்துக்கொள்வார்கள். இந்த ஊர் அதை எப்போதோ கற்றுக்கொண்டதுதான்.